இத்தாலியில் ஒரு குமாஸ்தா

இசைக்கு மொழி கிடையாது என்று மேடையில் சொல்வார்கள். இசைக்கு இல்லாமல் இருக்கலாம், பாட்டுக்கு உண்டு. அதிலும் ஒரு இசைத்தட்டு முழுக்க ஒரே கதையைச் சொல்கிறதென்றால், மொழி தெரியாதவன் கல்யாண வீட்டு வாசலில் நின்று சாம்பார் வாசனை பிடிக்கிறவன்தான்.

தெலுங்கு தெரியாமலே தியாகராஜர் கீர்த்தனைக்குத் தலையாட்டுகிறோமே என்பீர்கள். ராமனை நமக்கு முன்பே தெரியும். 'ராமா' என்று ஒரு சொல் காதில் விழுந்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். நான் சொல்லப்போகும் இசைத்தட்டில் அந்த வசதி கிடையாது.

ஜெனோவாக்காரரான ஃபாப்ரிட்சியோ தெ ஆந்த்ரே 1973-இல் வெளியிட்டது அது. பெயர் 'ஸ்தோரியா தி உன் இம்பியெகாத்தோ'. பிரெஞ்சு படித்தவனுக்கு இந்தத் தலைப்புக்கு அகராதி வேண்டாம். 'எம்ப்ளுவாயே'யின் கதை; நம் வழக்கில் சொன்னால் ஒரு குமாஸ்தாவின் கதை. ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்தியவன் இதை எப்படித் தாண்டிப் போவது? பேரன் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தான்.

மொத்தம் ஒன்பது பாட்டு. முப்பது வயதுக் குமாஸ்தா ஒருவன், பாரிசில் 1968 மே மாதம் மாணவர்கள் செய்த கிளர்ச்சியைப் பற்றிய பாட்டு ஒன்றை ஐந்து வருஷம் கழித்துக் கேட்கிறான். (அது தொமினிக் கிராஞ்ச் எழுதிய பிரெஞ்சுப் பாட்டைத் தழுவியது. ஒதுங்கி நின்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது சாரம்.) அன்று நான் எங்கே இருந்தேன் என்று அவனுக்கு உறுத்துகிறது. தனி ஆளாகக் குண்டு வைக்கக் கிளம்புகிறான். நாடாளுமன்றத்துக்குக் குறி வைத்த குண்டு உருண்டு போய்ப் பத்திரிகைக் கடையைத் தகர்க்கிறது. பிறகு சிறை.

அந்நியன் இதைக் கேட்குமுன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1969 டிசம்பரில் மிலான் நகர வங்கி ஒன்றில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். நாலு வருஷம்கூட ஆகாத நிலையில் வந்த பாட்டு இது. குண்டு என்ற சொல் அங்கே கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அது தெரியாவிட்டால் பாதிக் கதை வேடிக்கையாகப் போய்விடும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது குண்டு இல்லை, நடுவில் வரும் 'தந்தையின் பாட்டு'. கனவில் ஒரு நீதிபதி, தந்தை விட்டுப்போன இடத்தை இவனுக்குத் தருகிறார். இவனும் ஏற்றுக்கொள்கிறான். அப்பாவின் வாழ்க்கையையே திரும்ப வாழ்ந்து, சலித்து, விழிக்கிறான்.

இத்தாலியர்கள் இதில் அரசியலைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். எனக்குக் கருணை அடிப்படையில் வேலை நியமனம்தான் தெரிந்தது. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்து, காரியம் முடிந்த கையோடு மனு கொடுத்து, இருபது வயதில் அதே அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த பையன்கள் எத்தனை பேர்! ஒருவன் நன்றாகப் படம் வரைவான். கடைசிவரை பதிவேட்டில் கோடு போட்டான். அம்மாவும் தங்கைகளும் சாப்பிட்டார்கள். அதை அடிமைத்தனம் என்று ஒரு பாடகர் சொன்னால், ஜெனோவாவில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சுலபம் என்று பதில் சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். அவர் குரல் தாழ்ந்த குரல், கத்தாத குரல். குற்றம் சாட்டுவதாகவே தெரியாது.

கேட்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொலைபேசி பாட்டுகளைக் கலைத்துப் போடும், அதை நிறுத்திவிட்டு வரிசையாகக் கேளுங்கள். முதலில் வந்த மே மாதப் பாட்டின் வரிகள் கடைசியில் சிறைக்குள் திரும்பி வரும். நடுவில் ஆறு பாட்டு மாறினால் கதையே போச்சு.

அந்தக் கடைசிப் பாட்டில்தான் 'நான்' என்று பேசிக்கொண்டிருந்த குமாஸ்தா 'நோய்' என்று பேசத் தொடங்குகிறான். நம்ம ஊர் நோய் இல்லை, பிரெஞ்சில் 'நூ'. இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே சொல். தமிழில் நாமா, நாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். கைதிகள் காவலர்களோடு ஒன்றாகக் காற்று வாங்க மறுக்கிற இடம் அது. நோட்டில் 'நாங்கள்' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.