ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்

எங்கள் காலத்தில் மாணவனுக்கு வருடத்துக்கு ஒரே போட்டோதான். மார்ச் மாதம், பள்ளி மைதானத்தில் வேப்பமர நிழலில் பெஞ்சு போட்டு, நடுவில் தலைமையாசிரியர், இரண்டு பக்கமும் ஆசிரியர்கள், பின்னால் நாங்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். அந்தப் படத்தில் எல்லோரும் இருப்போம், எங்கள் வாழ்க்கை மட்டும் இருக்காது. பகிர்ந்து தின்ற புளிசாதம், பஞ்சரான சைக்கிளை மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தது, பரீட்சைக்கு முன் சுவரோரம் உட்கார்ந்து ஒப்பித்தது எதற்கும் படம் கிடையாது.

இன்று அதெல்லாம் படமாகிறது. காலை எட்டு மணிக்குப் பெண்ணாடம் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு பேர், நாலைந்து பேருக்கு நடுவே ஒரு வினா-விடைப் புத்தகம், விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், அங்கே பஸ் மாறிச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போகிறவர்கள். கைப்பேசி வைத்திருக்கும் யாருக்கும் எடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றும். அது தப்பில்லை. இந்த ஊர் எப்படி இருந்தது என்று ஐம்பது வருடம் கழித்துச் சொல்லப்போவது ஆண்டுவிழா போட்டோ அல்ல, இவைதான்.

ஆனால் எடுத்த படம் கைப்பேசியிலேயே இருப்பதில்லை. 2016ல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததிலிருந்து எடுப்பதும் அனுப்புவதும் ஒரே வேலையாகிவிட்டன. பஸ் படிக்கட்டில் தொங்கும் பையன்கள், டீக்கடை ஓரம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பையனும் பெண்ணும். கீழே 'இன்றைய மாணவர்களின் லட்சணம்' என்று ஒரு வரி. இதை அதிகம் அனுப்புகிறவர்கள் இளைஞர்கள் என்றா நினைக்கிறீர்கள்? காலையில் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பும் நம் வயதுக்காரர்கள்தான்.

போன வருடம் பெண்ணாடம் ரயில் நிலையத்தில் பாசஞ்சருக்காகக் காத்திருந்தபோது, பெஞ்சில் ஒரு பெண்ணும் பையனும் ரெக்கார்டு நோட்டில் அவசரமாகப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வெயில் சாய்வாக விழுந்து, பார்க்க அத்தனை அழகு. "எடுத்துக்கட்டுமாம்மா?" என்றேன். அந்தப் பெண் பையனைப் பார்த்தாள், பிறகு என்னை. "நோட்ட மட்டும் எடுங்க தாத்தா, மூஞ்சி வேணாம். வீட்ல பாத்தாங்கன்னா காலேஜ் நின்னுடும்."

நோட்டு, நாலு கைகள், ஒரு ஸ்கேல். அதை மட்டும் எடுத்தேன். அனுப்பட்டுமா என்றதற்கு, "எனக்கு போன் இல்ல தாத்தா, வீட்ல ஒண்ணுதான், அண்ணன்கிட்ட இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது மிகையில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் கல்லூரிக்குப் போவது, வீட்டில் எத்தனையோ பேர் சம்மதித்த பிறகு நடக்கும் காரியம். உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தர 2022ல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. ஆயிரம் ரூபாய் சேர்த்துவைத்த தைரியத்தை ஒரு ஃபார்வர்டு கலைத்துவிடும். அனுப்பியவருக்கு அது நடந்ததே தெரியாது.

படிக்கட்டுப் படத்துக்கும் இதைத்தான் சொல்வேன். பையன்கள் தொங்குவது ஆபத்து, சந்தேகமில்லை. ஆனால் பள்ளி நேரத்தில் அடுத்த பஸ் எப்போது என்பது அந்தப் படத்தில் தெரியாது. அக்கறை இருந்தால் முகம் தெரியாமல் பஸ் எண், நேரம், கூட்டம் தெரியும்படி எடுத்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்ஆப் குழு கூடுதல் பஸ் விடாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆனால் தனிநபர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாள்வது அதற்குள் வராது. குற்றத்தில் சிக்கிய, அல்லது குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறார்களின் படத்தை வெளியிடக் கூடாது என்று 2015ன் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும் சாதாரணப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். முதலில் எல்லோரும் பல்லைக் காட்டுவார்கள், உண்மைதான். ஐந்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள், உங்களை மறந்து மறுபடி சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். இல்லையென்றால் எடுத்த கையோடு காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழியுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் அனுமதி கேட்பதா என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று. இந்தப் பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டார் சிறுவராக இருந்தபோதே, வயதிலும் படிப்பிலும் மூத்த அருணந்தி சிவாசாரியார் அவரிடம் போய்ச் சீடரானார் என்பது சைவ மரபு.

இன்னொன்று, பிரிண்ட் போடுங்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அண்ணன் கையில் என்றால் அந்தப் படம் எடுக்கப்பட்டவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அந்த ரெக்கார்டு நோட்டுப் படத்தை இரண்டு பிரதி போட்டேன். அடுத்த வாரம் அதே பாசஞ்சருக்குப் போய் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பையன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவள் தாவரவியல் நோட்டின் அட்டைக்கும் பிரவுன் பேப்பருக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.