வேன் கூரைக்கு எந்த ஆன்டெனா? முதலில் திசையைக் கேளுங்கள்!

வைகுண்ட ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கத்தில் வெளியூர் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். சமீபத்தில் என் நண்பர் ஒருவரும் அப்படி வந்திருந்தார். தன் வேனிலேயே படுக்கை, சின்ன அடுப்பு எல்லாம் பொருத்தியிருக்கிறார். கூட வந்த அவருடைய அம்மாவுக்கு 80 வயதுக்கு மேல். கூட்டத்தில் நடக்க முடியாது. "பரமபத வாசல் திறக்கறதை டிவியிலயாவது சேவிச்சுடறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

நண்பர் தன் புது லேப்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி டிவி டியூனரும், கூரையில் மாட்ட மீன்முள் போன்ற ஒரு ஆன்டெனாவும் வாங்கிவிட்டார். அட்டைப் பெட்டியில் "200 மைல் தூரம்" என்று கொட்டை எழுத்து! இரவு 9 மணிக்கு எனக்குப் போன். "ஸ்கேன் பண்ணினா 0 சேனல்னு வருதுப்பா!"

ஆன்டெனாவில் பழுது இல்லை. பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை!

ஒரு காலத்தில் மொட்டை மாடியில் ஏறி, ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினோமே, அந்த அனலாக் ஒளிபரப்பை எல்லைப் பகுதிகள் போன்ற சில இடங்கள் தவிர 2022 மார்ச்சுக்குள் நிறுத்த தூர்தர்ஷன் முடிவு செய்து, அப்படியே செய்தது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-ல் 16 நகரங்களில் அறிமுகமானது. அதில் சென்னை உண்டு, திருச்சி இல்லை. அமெரிக்காவில் கேம்பர் வண்டிக்காரர்களுக்கு இந்த வகை ஆன்டெனா பயன்படும். அங்கே ஊருக்கு ஊர் கோபுரம் இருக்கிறது. இங்கே அது வெறும் அலுமினியக் குச்சி.

என் கருத்து இதுதான். ஆன்டெனாவின் விலையையும் மைலையும் பார்க்காதீர்கள். "சிக்னல் எங்கிருந்து வருகிறது?" என்று முதலில் கேளுங்கள். திருச்சியில் நிற்கும் வேனுக்கு அது வானத்திலிருந்து வருகிறது. எனவே 60 செ.மீ. டிஷ்தான் சரி. டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. தமிழ் சேனல்கள் குறைவு என்பது உண்மையான குறை. ஆனால் டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை) வந்துவிடும். மொபைலில் பார்க்கலாமே என்பீர்கள். திருவிழாக் கூட்டத்தில் நெட் திணறும்போது தெரியும்!

இந்தச் சேவை வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கில் உள்ளது. திருச்சியிலிருந்து பார்த்தால் அக்னி மூலையிலிருந்து சுமார் 10 டிகிரி கிழக்கே தள்ளி, கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில் இருக்கும். இவ்வளவு உயரத்தில் இருப்பது நமக்கு வசதி. அந்தத் திசையில் 26 அடி உயரக் கட்டடம் இருந்தாலும், 10 அடிக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்றால் போதும். 236 அடி ராஜகோபுரமே மறைத்தாலும் சுமார் 90 அடி வரைதான் மறைக்கும். உண்மையான எதிரி, நிழலுக்காக நாம் வண்டியை நிறுத்தும் மரம்தான். இலைகள் சிக்னலைக் குடித்துவிடும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். டியூனர் பெட்டியில் டிவிபி-டி என்று இருந்தால் அது தரைவழிக்கு மட்டும். டிஷ்ஷுக்கு டிவிபி-எஸ்2 வேண்டும். அடுத்து, செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வயரை லேப்டாப்பில் செருகினால் படம் வராது. சாதாரண லேப்டாப்பில் உள்ள அந்த இணைப்பு படத்தை வெளியே அனுப்ப மட்டுமே!

அன்றிரவு என் வீட்டு டிஷ், பாக்ஸ், சின்ன டிவி மூன்றையும் தூக்கிக்கொண்டு போனேன். வேப்ப மரத்தடியிலிருந்து வேனை நகர்த்தி, டிஷ்ஷைத் தரையில் வைத்து, காற்றில் ஆடாமல் இருக்க இரண்டு செங்கல்லை அண்டை கொடுத்தோம். திரையில் "ஸ்ட்ரென்த்" ஏறியதைப் பார்த்து ஏமாறாமல், "குவாலிட்டி" ஏறும்வரை டிஷ்ஷை இம்மி இம்மியாக அசைத்தோம். பிறகு எல்என்பி-யையும் அதன் பிடியில் மெல்லத் திருப்பினோம். படம் வர ஒரு மணி நேரம் ஆனது.

விடியுமுன் வாசல் திறந்தபோது அம்மா வேனுக்குள்ளேயே கை கூப்பினார். நண்பரின் 200 மைல் ஆன்டெனா கூரையில் சும்மா நின்றது. இப்போது அதில் துண்டு காயப்போடுகிறாராம்!

அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். திசையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.