மாத்திரைக்கு மறுக்கப்படும் காப்பீடு

நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 24 சதவீதத்தினரும், பெண்களில் 21 சதவீதத்தினரும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அல்லது அதற்கு மருந்து உட்கொள்பவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. இவர்களுக்குத் தேவை அன்றாடம் தவறாத மாத்திரை. ஆனால், ஒன்றிய அரசு பெருமை பேசும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் அதற்கு இடமில்லை. குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் என்பது உள்நோயாளியானால் மட்டுமே. வீடு திரும்பியபின் 15 நாள் மருந்து உண்டு. 16ஆம் நாள் முதல் சொந்தக் காசு. 2024இல் 70 வயது கடந்த அனைவருக்கும் இத்திட்டம் நீட்டிக்கப்பட்டபோதும் இவ்விதி மாறவில்லை. காசின்றி மாத்திரையை நிறுத்தியவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகே காப்பீடு கண் திறக்கிறது.

சொந்தக் காசு என்றவுடன் பிராண்டுகளின் ஆட்சி தொடங்குகிறது. ஒரே அம்லோடிபின், ஒரே டெல்மிசார்ட்டான் பல பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுகிறது. 1995 விலைக் கட்டுப்பாட்டு ஆணை உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்டது. 2013 ஆணையோ, சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையையே உச்சவரம்பாக்கியது. கொள்ளை விலையின் சராசரி நியாய விலையாகுமா? அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ ஆண்டுதோறும் 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ள அனுமதி.

பிராண்டு பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று ஹாத்தி குழு 1975லேயே பரிந்துரைத்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஜெனரிக் பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. மருத்துவர் எழுதாவிட்டால், அதிக லாபம் தரும் பிராண்டை மருந்துக் கடைக்காரர் தேர்ந்தெடுப்பார் என்ற வாதத்தில் உண்மையுண்டு. தரம் குறித்த ஐயமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. அதற்கு விடை, பிராண்டுகளைக் காப்பது அல்ல. அரசு கொள்முதலும், ஒவ்வொரு தொகுதிக்கும் கறாரான தரப் பரிசோதனையும், இலவச விநியோகமும்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் இவ்வழியைக் காட்டியுள்ளது; 2011இல் ராஜஸ்தானும் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. மோடி அரசோ சோவியத் உதவியுடன் உருவான பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐடிபிஎல்லை மூட 2016இல் முடிவெடுத்தது.

எனவே, புறநோயாளிகளின் நெடுநாள் மருந்துகளைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அவை தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். உற்பத்திச் செலவு அடிப்படையிலான விலைக் கட்டுப்பாடு திரும்ப வேண்டும். பொதுத்துறை மருந்து உற்பத்தி மீட்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலுக்கும் கட்சிக் கிளைகள் கொண்டு செல்லட்டும்.