கொலோனிலிருந்து எங்கட மைதானத்துக்கு

அன்புள்ள கழகத்து அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

போன கிழமை நீங்கள் அனுப்பின அணிப் பட்டியலைப் பார்த்தேன். அந்த நெட்டைப் பெடியனின் பெயரைக் காணவில்லை. கேட்டதற்கு, "அவனுக்கு 23 வயதாச்சு, இனி எங்க தேறப்போறான்" என்று பதில் வந்தது. அதற்குத்தான் இந்தத் திறந்த மடல்.

இங்கே ஜேர்மனியில், கொலோன் அணியில் மிலிவோயே நொவாக்கோவிச் என்றொரு முன்கள வீரர் விளையாடினார். எங்களுக்கு அவர் 'நோவா'. சுலோவேனியர், 1979 இல் லுப்லியானாவில் பிறந்தவர். 23 வயதில் அவரைத் தேடி எந்தப் பெரிய கழகமும் வரவில்லை. எல்லை தாண்டி ஒஸ்திரியாவுக்குப் போனார். மாட்டர்ஸ்பேர்க், லின்ஸ் என்று அலைந்து, பிறகு பல்கேரியாவின் லிட்டெக்ஸ் லொவெச். அங்கே 2005-06 இல் 16 கோல் அடித்து, அதிக கோல் அடித்த இருவரில் ஒருவரானார். நாட்டுக்காக முதன்முதலாக இறங்கும்போது வயது 26.

கொலோனுக்கு அவர் வந்தது 2006 இல். அப்போது கழகம் இரண்டாம் பிரிவில் இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் சில திங்கள் இரவில் நடந்தன. நான் கோப்பை கழுவின உணவகத்துக்கும் திங்கள்தான் லீவு. முதலாம் இலக்க ட்ராமில் ஏறிப் போய்விடுவேன். 2007-08 இல் நோவா 20 கோல் அடித்து, அந்தப் பிரிவிலேயே முதலிடம். கழகமும் மேலே ஏறியது. அதில் நட்டப்பட்டவன் நான் ஒருவன்தான்: முதற்பிரிவு ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை, அன்றைக்குத்தான் குசினியில் கோப்பை மலைபோலக் குவியும்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அவர் அடித்த கோல்கள் அல்ல. பந்து உயரத்தில் வரும். பின்னால் ஒருத்தன் முதுகை இடித்துக்கொண்டு நிற்பான். 1.92 மீற்றர் உயர மனிதர் அசையமாட்டார். நெஞ்சில் வாங்கி, காலுக்கு இறக்கி, ஓடிவருகிறவனுக்குத் தட்டிவிடுவார். கைதட்டு மற்றவனுக்கு. 2010 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராக சக வீரர் லுபியான்கிச் அடித்த கோலுக்கும் பந்தை ஊடாலே விட்டவர் இவர்தான். அந்தத் தொடரில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை.

எங்கட நெட்டையன் செய்கிறதும் இந்த வேலைதான். நீங்கள் கோல் அடிக்கிறவனை மட்டும் எண்ணுகிறீர்கள்.

2012 இல் கொலோன் கீழே இறங்க, நோவா யப்பானுக்குப் போனார். ஓமியா, ஷிமிசு, நகோயா என்று மூன்று கழகங்கள். பிறகு நாடு திரும்பி மரிபோருக்கு விளையாடினார். லுப்லியானாக்காரருக்கு மரிபோர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பக்கத்து ஊர்க் கழகத்தின் சட்டையை நீங்கள் போட்டுப் பாருங்கள், தெரியும். நாட்டுக்காக மொத்தம் 80 ஆட்டம், 32 கோல்.

பெடியனை இங்கே அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று காசு கேட்டு வருகிறவர்களைப் படலையோடேயே திருப்பி அனுப்புங்கள். ஊர் அணியில் ஒரு இடம்தான் கேட்கிறேன்.

சப்பாத்துப் பெட்டி நேற்று அனுப்பியாச்சு. பதினாறு சோடி. அடியில் 46 ஆம் இலக்கச் சோடி ஒன்று இருக்கும். அது உங்களில் வேறு ஒருத்தருக்கும் அளவாக இராது.