எச்சரிக்கையை அடக்குதல் தகுமோ?

லினக்ஸ் கெர்னலைப் புதுப்பித்தபின், டி.எஸ்.சி. கடிகாரம் நிலையற்றது என்னும் எச்சரிக்கை சில கணினிகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. அதனை எழவொட்டாமல் தடுத்துவிட்டாற் போதும் என்பார் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

செயலியின் துடிப்புகளை எண்ணும் டி.எஸ்.சி. மிக விரைவாகப் படிக்கத்தக்கது. ஆயினும் கெர்னல் அதனை அரை விநாடிக்கொரு முறை, ஹெச்.பி.இ.டி. போன்ற வேறொரு கடிகாரத்துடன் ஒப்பிடுகிறது. வேறுபாடு வரம்பைக் கடப்பின் அதனை விலக்கி, படிக்க அதிக நேரம் கொள்ளும் மாற்றுக் கடிகாரத்தை ஏற்கிறது. முன்னர் 62.5 மில்லி விநாடியாயிருந்த இவ்வரம்பு 2021இல் குறைக்கப்பட்டது. ஆதலின் பழைய கெர்னல் பொறுத்த பிழையைப் புதியது வெளிப்படுத்துதல் கூடும். பணிப்பளுவால் ஒப்பீடு தாமதமுற்று, குற்றமற்ற கடிகாரம் பழிக்கப்படுதலும் உண்டு.

எது உண்மையென்று சோதித்தே தெளிதல் வேண்டும். பதிவேட்டிலுள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்க, பழைய கெர்னலில் இயக்கி ஒப்பிடுக, பயாஸைப் புதுப்பிக்க, என்.டி.பி. வழியே புதுடெல்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு சில நாள் ஒத்துப்பார்க்க. இவற்றில் குறை காணாதபோதே, டி.எஸ்.சி.யை நம்புமாறு கெர்னலுக்குக் கட்டளையிடலாம்.

இது சிறு செய்தியன்று. நிலநடுக்கத்தின் முதன்மை அலை நிலவோட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்கிறது. பதிவு நேரத்தில் பத்திலொரு விநாடி பிழைத்தால், தொலைவில் ஏறத்தாழ 600 மீட்டர் பிழைக்கும். ஒரு கருவியை மற்றொன்றால் சோதிப்பதே அளவையியலின் முதற்பாடம். ஆசிரியர்கள் மாணவர்க்கு அதனை விளக்க இவ்வெச்சரிக்கையே நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.