மூளைச்சாவும் உறவினரின் சம்மதமும்

2017 ஜூலையில் கண்டி போதனா வைத்தியசாலையில் நடைபெற்ற இதயமாற்று சத்திரசிகிச்சை, இந்நாட்டில் வெற்றியளித்த முதலாவது இதயமாற்று சத்திரசிகிச்சையாகப் பதிவானது. அநுராதபுரம் வைத்தியசாலையில் மூளைச்சாவடைந்த ஒருவரின் இதயமே அதற்குப் பயன்பட்டது. இன்று தேசிய வைத்தியசாலையாகத் தரமுயர்த்தப்பட்டுள்ள அந்நிறுவனத்தின் வைத்தியர்கள் பெற்ற பாராட்டு முற்றிலும் தகுதியானதே. ஆயினும் இத்தகைய சாதனை ஒவ்வொன்றுக்கும் முன்னர், ஏதோவொரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஒரு குடும்பம் கழிக்கும் வேதனை மிகுந்த மணித்தியாலங்கள் குறித்து நாம் அதிகம் பேசுவதில்லை.

விபத்தினாலோ இரத்தக்கசிவினாலோ மூளை பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றுவதே நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் முதற் கடமையாகும். அம்முயற்சி பயனளிக்காதபோது, நோயாளி இறந்துவிட்டார் என உறவினருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பிலும் அவருக்குப் பங்குண்டு. இத்துறையின் கடினமான சட்ட, அறநெறிப் பிரச்சினைகள் பல இவ்விடத்திலேயே தோன்றுகின்றன.

மூளைச்சாவு என்பது கோமா நிலையன்று. கோமாவில் இருப்பவர் மீண்டெழக்கூடும், மூளைச்சாவடைந்தவர் மீள்வதில்லை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகின்றதா, செயற்கைச் சுவாசத்தைச் சற்று நிறுத்தினால் தானாக மூச்செடுக்க முனைகின்றாரா என்பன பரிசோதிக்கப்படுகின்றன. மயக்க மருந்தின் தாக்கமோ உடல் வெப்பக் குறைவோ இதற்குக் காரணமன்று என்பதும் முன்கூட்டியே உறுதிசெய்யப்பட வேண்டும். எனினும் இயந்திரத்தின் உதவியால் நெஞ்சு ஏறி இறங்குகின்றது, உடல் சூடாக இருக்கின்றது, இதயம் துடிக்கின்றது. அவ்வுடலைத் தொட்டுப் பார்க்கும் தாயால் மரணத்தை எவ்வாறு உடனே ஏற்றுக்கொள்ள முடியும்?

சட்டத்தைப் பொறுத்தவரையில் குழப்பமில்லை. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதல் சட்டம், மூளையின் தொழிற்பாடுகள் மீளமுடியாதவாறு நின்றுபோவதை மரணமாக ஏற்கின்றது. ஆனால், சட்டத்தின் வரைவிலக்கணம் ஒரு குடும்பத்தின் ஐயத்தைத் தீர்த்துவிடாது. மரணத்தை உறுதிசெய்யும் வைத்தியர்கள் வேறு, உறுப்புகளை அகற்றிப் பொருத்தும் வைத்தியர்கள் வேறு என்ற சர்வதேச நெறி இதன் பொருட்டே வகுக்கப்பட்டது. அந்நெறி கடைப்பிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. கடைப்பிடிக்கப்படுகின்றது என்பது உறவினருக்குத் தெரியவும் வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மார்க்கம் சார்ந்த கேள்வியும் உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, மூளைச்சாவை மரணமாக ஏற்றது. 1987இல் மக்காவில் கூடிய மற்றுமொரு பிக்ஹ் சபையோ, உயிர்காக்கும் கருவிகளை அகற்ற அனுமதித்த போதிலும், இதயமும் சுவாசமும் நின்ற பின்னரே மரணம் எனக் கருத வேண்டும் என்றது. உலமாக்களிடையே இவ்வாறு கருத்து வேறுபாடு நிலவும்போது, ஆலிம் ஒருவரைக் கலந்தாலோசிக்க அவகாசம் கேட்பவரை அறியாமையில் உழல்பவராகக் கருதுவது நியாயமாகாது. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்கள் குடும்பங்களின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டதை இச்சமூகம் மறந்துவிடவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரியது. ஆனால், இறந்தோரின் உடல் விடயத்தில் இழந்த நம்பிக்கை மன்னிப்பினால் மாத்திரம் மீண்டுவிடாது.

மொழிப் பிரச்சினை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. அக்குறணை, மடவளை, கம்பளை ஆகிய ஊர்களிலிருந்தும், நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் தமிழ் பேசும் மக்கள் கண்டிக்கு வருகின்றனர். 13ஆம், 16ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களின் மூலம் தமிழ் அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஆக்கப்பட்டு மூன்று தசாப்தங்கள் கடந்துவிட்டன. மூளையைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்காயினும் சரி, உறுப்பு தானத்துக்காயினும் சரி, வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத படிவத்தில் வைக்கப்படும் கையொப்பம் சட்டத்துக்குச் சான்றாகலாம், மனச்சாட்சிக்குச் சம்மதமாகாது. அருகில் நிற்கும் சிற்றூழியரையோ பாடசாலை மாணவனான மகனையோ மொழிபெயர்ப்பாளராக்குவதும் முறையன்று.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தமை அங்கு பெரும் விழிப்புணர்வை உண்டாக்கியது. அப்பெற்றோர் மருத்துவர்கள்; தமக்குச் சொல்லப்பட்டதன் பொருளை முழுமையாக அறிந்தவர்கள். அவ்வறிவில் ஒரு பகுதியேனும் தோட்டத் தொழிலாளியான தாய்க்கும் அவரது மொழியிலேயே கிடைக்கச் செய்வது வைத்தியசாலையின் கடமையாகும்.

எனவே, தமிழ் அறிந்த பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இரவு பகலாகக் கடமையில் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவுகள் உறவினருக்கு விளக்கப்பட வேண்டும். மரணச் செய்தியையும் தானக் கோரிக்கையையும் ஒரே மூச்சில் முன்வைக்கலாகாது. மறுப்பவர் மீது எவ்வித மனத்தாங்கலும் காட்டப்படக் கூடாது. இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதார அமைச்சும் வைத்தியசாலை நிருவாகமும் மனம் வைத்தாலே போதும். சந்தேகத்துடன் கையொப்பமிட்ட குடும்பம் வாழ்நாள் முழுவதும் அச்சந்தேகத்துடனேயே வாழ நேரிடும் என்பதை உரியவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.