ஏட்டில் ஏறாத இசை

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8 ஆம் நாள், இலண்டன் மாநகரின் அப்பலோ அரங்கில் இளையராஜா அவர்கள் இயற்றிய சிம்பொனி அரங்கேறிற்று. வாசித்தவர்கள் றோயல் பில்ஹார்மோனிக் குழுவினர். கோலேந்தி நடத்தியவர் மிக்கேல் ரொம்ஸ். தமிழுலகு மகிழ்ந்தது, மகிழத்தக்கதே. ஆயினும், தீவகத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வெற்றியைக் காட்டிலும் அதற்கு அவர் வந்து சேர்ந்த வழியே பெரிதாகத் தோன்றுகின்றது. அவ்வழியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1943 இல் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் அவர். தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். செவியால் மட்டுமே இசையறிந்த அவ்விளைஞர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேலைநாட்டுச் சுரக்குறிப்பு முறையும் பயின்றார். 1976 இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது நாடு கேட்டது நாட்டுப்புற மெட்டுக்களை. நாடு காணாதது அவர் கையிலிருந்த தாளை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தாமே எழுதிக் கொடுப்பவர் அவர் என்பது உடன் பணியாற்றியோர் பலரும் கூறும் செய்தி.

அத்தாளின் ஆற்றல் 2005 இல் வெளிப்பட்டது. திருவாசகத்தை அவர் சிம்பொனி முறையில் அமைக்க, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ற் குழுவினர் வாசித்தனர். எமது கோயில்களில் மார்கழி விடியலில் ஒலிக்கும் மணிவாசகர் வாக்குக்கு, தமிழறியாதோர் துணையிசைத்தனர். அவர்களுக்கு மொழி தெரிய வேண்டியிருக்கவில்லை, இசை எழுதப்பட்டிருந்தது. இலண்டனில் வேறொருவர் கோலேந்த முடிந்ததும் அதனாலன்றோ?

இனி, எம்மூருக்கு வருவோம். ஊர்காவற்றுறைப் பகுதியின் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்துப் பழக்கிய அண்ணாவிமாரை முதியோர் அறிவர். பாட்டைக் கட்டுபவரும், பாடிக் காட்டுபவரும், தாளத்தைக் கையிலேந்தி மேடை முழுவதையும் நடத்துபவரும் அவரே. மேல்நாட்டில் மூவர் ஏற்கும் பணியை ஒருவராகவே செய்தவர் அவர். ஆனால், அவர் கொப்பியில் எழுதி வைத்தது சொற்களை மட்டுமே. தருவென்றும் விருத்தமென்றும் தலைப்பிட்டிருக்கும். மெட்டு அவர் கண்டத்திலே இருந்தது. வலையிழுப்போர் பாடிய அம்பாப் பாட்டுக்களின் நிலையும் அதுவே. 1990 இன் இடப்பெயர்வில் தீவக மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். கொப்பியை எடுத்துச் செல்லலாம். கண்டத்தை எப்படிப் பிரதிசெய்வது? அண்ணாவியார் மறைந்த வீட்டில் இன்று பாட்டு இருக்கின்றது, பாடுவார் இல்லை.

இவ்விழப்பு தமிழுக்குப் புதிதன்று. விபுலாநந்த அடிகளார் 1947 இல் வெளியிட்ட ‘யாழ் நூ’லுக்காகப் பல்லாண்டு உழைத்தார். சிலப்பதிகாரத்தில் யாழின் பெயருண்டு, நரம்பின் பெயருண்டு, பண்ணின் பெயருண்டு, கேட்பதற்கு ஒலியில்லை. அவ்வொலியைக் கணக்கிட்டு மீட்கவே ஒரு பேரறிஞரின் வாழ்நாளிற் பல்லாண்டுகள் சென்றன. நாமும் எமது பேரர்களுக்கு அத்தகைய புதிர் ஒன்றையே விட்டுச் செல்லப்போகின்றோமா?

கமகத்தையும் குழைவையும் கோடுகளுக்குள் அடக்க முடியாது என்று சங்கீதமறிந்தோர் கூறுவர். உண்மையே. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தாற் போதாதா என இளைஞர் வினவுவர். ஒலிப்பதிவு இன்றியமையாததே, குழைவைக் காப்பது அதுதான். ஆயினும், ஒலிப்பதிவு ஒருவர் பாடியதை நாம் கேட்கச் செய்கின்றது. எழுத்தோ அதனைப் பிறர் பாடவும், பல வாத்தியங்களுக்கு விரிக்கவும், அதிலிருந்து புதியது படைக்கவும் இடந்தருகின்றது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டும்.

செய்யத்தக்கது யாது? தீவகப் பாடசாலைகளின் சங்கீத ஆசிரியர்கள், ஆளுக்கொரு முதியவரை நாடி, ஆண்டுக்குப் பத்துப் பாட்டையேனும் ஒலிப்பதிவு செய்து, சுரதாளக் குறிப்போடு எழுதி வைக்கலாம். ஒரு பிரதி பாடசாலையிலும் மற்றொன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கட்டும். மேலும் ஒன்று: ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் எமது பிள்ளைகள் பலர் பியானோ பயில்கின்றனர். பாக் எழுதியதைப் பார்த்து வாசிக்கும் நெடுந்தீவுப் பெயர்த்திக்கு, தன் பாட்டனார் பாடியதை வாசிக்கத் தாளில்லை. அத்தாளை எழுதும் பயிற்சி அவளிடமே இருக்கின்றது. விடுமுறைக்கு ஊர் வரும் அவளை நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற்றிக் காட்சி காட்டுவதோடு நில்லாது, பாடத் தெரிந்த ஒரு முதியவரின் திண்ணையிலும் அமரச் செய்வோமாக.

பண்ணைப்புரத்துப் பாட்டு இலண்டன் மேடைக்குப் போன வழி அத்தகைய திண்ணையொன்றிலிருந்தே தொடங்கிற்று. எமது திண்ணைகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே பேனாவை எடுத்தல் வேண்டும்.